சித்தப்பாவுக்குச் சிலை இல்லை

நேற்று மதியத்திலிருந்து எங்கள் வீட்டு நடையில், டோல்கீனின் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலில் வருகிற ஆண்டுயின் ஆறு ஓடுகிறது. நீலப் போர்வைதான். அது சமையலறைக்குள் நுழைகிற இடத்தில், நிலைக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக ஆர்கொனாத் ராஜாக்கள் (அந்த ஆற்றைக் காவல் காக்கிற ராட்சதச் சிலைகள்), ஆளுக்கு ஒன்றரை அடி உயரம், களிமண்ணும் காலண்டர் அட்டையும். அண்ணன் மகனுக்கு லீவு விட்டாயிற்று, அண்ணனுக்கு விடவில்லை, அதனால் தலைமைச் சிற்பி வேலை என் தலையில் விழுந்தது.

வலது கையில் கோடரி, அது சுலபம், ஐஸ் குச்சி போதும். இடது கைதான் உயிரை வாங்கியது. இரண்டு பேரும் அதைத் தூக்கி, உள்ளங்கையை வடக்கே காட்டி, ஆற்றில் வருகிறவனை ‘நில்’ என்று மிரட்ட வேண்டும். களிமண் கை எங்கே நிற்கும்? மூன்று தடவை விழுந்தது. உள்ளே கம்பி கொடுத்தோம். கம்பி கம்பீரமாக நின்றது, மண் மட்டும் உரிந்து விழுந்தது. கடைசியில் ஒருவருக்குக் கை ஒட்டிக்கொண்டது, இன்னொருவருக்கு முழங்கையோடு சரி. (நான் மாடிப்படியில் உருண்டு இடது கையை முறித்துக்கொண்ட கதையை மறுபடி சொல்லமாட்டேன், பயப்படாதீர்கள்.)

அம்மா வந்து பார்த்துவிட்டு, “யாருடா இது, டிராஃபிக் போலீஸா?” என்றார்.

“அனுமதி இல்லாம தாண்டக்கூடாது பாட்டி!”

பையன் சொன்னது சரிதான். கதைப்படி 1248ல் கிழக்கத்தியரை அடித்துத் துவைத்துவிட்டுத் திரும்பிய கோண்டோர் நாட்டு ரோமெந்தாகில், ஆற்றின் மேற்குக் கரையை லிம்லைட் ஆறு வந்து கலக்கிற இடம் வரைக்கும் பலப்படுத்தி, எமின் முயில் குன்றுகளைத் தாண்டி அந்நியன் எவனும் ஆற்றோடு இறங்கக்கூடாது என்று தடை போட்டார். இந்தச் சிலைகளை வைத்ததும் அவர்தான். அம்மாவிடம் இதையெல்லாம் சொல்ல முடியுமா, அடுப்பில் ஏதோ தீய்கிற வாசனை வேறு. ஆற்றை மிதித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்தச் சிலைகளுக்கு நடுவே படகு போகும்போது போரோமிர் மாதிரி முரட்டு வீரனே தலை குனிந்தான், கூட வந்த குட்டி ஹாபிட் சாம் பயத்தில் புலம்பித் தீர்த்தான். அம்மாவும் குனிந்தார். தரையில் கிடந்த களிமண் விரலை எடுத்து என்னிடம் கொடுப்பதற்காக.

அப்புறம் பெயர் எழுதும் படலம். பையன் ஒரு பீடத்தில் ‘அப்பா’ என்று ஒட்டினான், இன்னொன்றில் ‘தாத்தா’.

“டேய், சித்தப்பா எங்கடா?”

“நீங்க பாறை.”

அவனைக் குற்றம் சொல்ல முடியாது, அவன் படம் பார்த்து வளர்ந்தவன். படத்தில் நிற்பது இசில்துரும் அவன் அப்பா எலெண்டிலும். நாவலில் இசில்துரும் அவன் தம்பி அனாரியனும்! இந்தத் தம்பி என்ன சாதாரண ஆளா? அண்ணனின் ‘மினாஸ் இதில்’ கோட்டை எதிரி சௌரோனிடம் விழுந்ததும் அண்ணன் கப்பலேறி அப்பாவிடம் போய்ச் சேர, ஒஸ்கிலியாத் நகரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றவன் தம்பி. சௌரோனின் பராத்-தூர் கோட்டையை முற்றுகையிட்டபோது மேலிருந்து வந்த கல் பட்டுச் செத்தான், மறுவருஷம் ஜெயித்தார்கள். சிலை வைத்த ரோமெந்தாகிலே தம்பியின் வம்சம்தான். இத்தனைக்கும் பிறகு, படம் எடுக்கும்போது ஒரு ஆளைக் குறைக்க வேண்டுமென்றால் தம்பியைத்தான் குறைப்பார்கள். எந்த வீட்டிலும் இதே கதைதான். அண்ணனின் பழைய சட்டை, அண்ணனின் பழைய சைக்கிள், குடும்பப் போட்டோவில் எனக்குக் காது மட்டும் தெரியும்.

இதையெல்லாம் அரைமணி நேரம் அவனுக்கு எடுத்துச் சொன்னேன். கேட்டானா தூங்கினானா தெரியவில்லை.

காலையில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால், கை போன ராஜாவின் பீடத்தில் ‘தாத்தா’வை அடித்துவிட்டு ‘சித்தப்பா’ என்று எழுதியிருக்கிறது. நெஞ்சு நிறைந்துபோய், கதையைக் கேட்டு மனசு மாறிவிட்டாயா என்று அவனை எழுப்பியே கேட்டேன்.

“இல்ல சித்தப்பா, தாத்தாவுக்குக் கை நல்லாத்தானே இருக்கு. உங்களுக்குத்தான் தூக்க வராது.”

அந்தக் கையை இனி யாரும் ஒட்டக்கூடாதாம். ஆற்றை மட்டும் அம்மா ராத்திரிக்குள் திருப்பிக் கேட்டிருக்கிறார், குளிருதாம்.