சிவப்பு வண்டி பின்னால் போனது

"மாமா, இந்த வண்டி வெளிய வரவே வராது. நீங்க ஏமாத்துறீங்க."

அக்கா மகள் போனை நீட்டினாள். நான் செய்துகொண்டிருக்கும் கேமில் 14-வது லெவல். கட்டங்களில் நிற்கும் வண்டிகளை நேராக முன்னும் பின்னும் மட்டும் நகர்த்தி, சிவப்பு வண்டியை வாசல் வழியாக வெளியே எடுக்க வேண்டும்.

அவள் சொன்னது சரிதான். சிவப்பு வண்டி வெளியேற வேண்டிய வரிசையிலேயே, அதற்கு முன்னால் இன்னொரு காரைப் படுக்கவாட்டில் வைத்துத் தொலைத்திருக்கிறேன். தலைகீழாக நின்றாலும் ஒன்றையொன்று தாண்டாது.

திருத்திக் கொடுத்தேன்.

மொத்தமே 6-க்கு 6, 36 கட்டம். கார் 2 கட்டம், லாரி 3. வண்டிகளை அள்ளிக் கொட்டினால் கஷ்டமாகும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நெருக்கினால் நகர்த்த ஒன்றிரண்டு வழிதான் மிஞ்சும், யோசிக்கவே வேண்டாம். (இது புரிய எனக்கு ஒரு மாசம்!)

திருத்தியதை அவள் ஆடினாள். சிவப்பு வண்டி வாசலுக்குப் போக ஒரே கட்டம் பாக்கி. குறுக்கே மஞ்சள் லாரி. ரொம்ப நேரம் முட்டிக்கொண்டிருந்தாள்.

திடீரென்று சிவப்பை 2 கட்டம் பின்னால் இழுத்தாள்.

அந்த இடத்துக்குப் பச்சை லாரி ஏறியது. அடியில் நீலக் கார் நழுவியது. பச்சை திரும்ப இறங்க, மஞ்சளும் இறங்கியது.

வாசலை விட்டு விலகுகிற அந்த ஒரு நகர்வு. அதற்காகத்தான் இத்தனை கட்டமும். யாருக்கும் அது முதலில் தோன்றுவதில்லை, எனக்கும்தான்.

"அடுத்தது?" என்கிறாள்.

15-வது இன்னும் வெறும் கட்டமாகக் கிடக்கிறது.