முகாமில் ஒரு சிறுவர் நூலகம்: யாருடைய பணத்தை வாங்கலாம்?

இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் சிறுவர் நூலகம் கட்ட நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். வசூலைத் தொடங்குவதற்கு முன்னால் ஒரு நல்ல ஆடிட்டரைப் பாருங்கள்.

எங்கள் முகாமில் நாங்கள் ஒரு நூலகம் தொடங்கியபோது பணம் தர ஆட்கள் நிறையவே இருந்தார்கள். வாட்ஸ்அப்பில் செய்தி போட்டதுமே கனடா, லண்டன், பிரான்ஸ் என்று பதில் வந்தது. எல்லாரும் இதே முகாமில், பத்துக்குப் பத்து அறையில் வளர்ந்து போனவர்கள். கணக்கு வழக்குக்குப் பக்கத்து ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நடத்தும் பதிவுபெற்ற அறக்கட்டளை சம்மதித்தது. இது வரைக்கும் எல்லாம் சுமுகம்.

ஆடிட்டர் நன்கொடையாளர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இருக்கா?" என்றார். வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான சட்டப் பதிவு அது. எங்களிடம் இல்லை. அப்படியானால் வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவரிடமிருந்து ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாதாம். பதிவு செய்துகொள்ளலாமே என்றால், அமைப்புக்குக் குறைந்தது மூன்று வயது ஆகியிருக்க வேண்டும், கடந்த மூன்று ஆண்டுகளில் 15 லட்சம் ரூபாய் செலவழித்திருக்க வேண்டும், டெல்லியில் ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில் கணக்கு வேண்டும். ஒரு அறைக்கும் நாலு அலமாரிக்கும் இது கட்டுப்படியாகுமா? விட்டுவிட்டோம்.

டொராண்டோ சித்திக்கு இதைச் சொன்னதற்கு இன்னும் கோபம் தீரவில்லை. "எங்கட காசில என்ன குறையடா கண்டீங்கள்?" என்கிறார்.

அதைவிட வலித்தது அடுத்தது. அரசின் மாத உதவித்தொகையான பணக்கொடை வரும் நாளன்று முகாமில் வீட்டுக்கு நூறு ரூபாய் சேர்க்கலாம் என்று பேசி வைத்திருந்தோம். குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500, மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500 வரும். அதிலிருந்து நூறு கொடுப்பது சின்ன விஷயம் இல்லை. ஆடிட்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: முகாம்காரர்கள் இலங்கைக் குடிமக்கள்தானே, அவர்கள் இந்தியாவில் இருந்து இந்திய ரூபாயாகக் கொடுத்தாலும் சட்டப்படி அது வெளிநாட்டுப் பணம்தான். நான் பிறந்தது இந்த ஊர் அரசு ஆஸ்பத்திரியில். ஆனால் 1987 ஜூலை 1-க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு இந்தியக் குடியுரிமை கிடைக்கப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். ஆக, என் சம்பளத்தில் நான் கொடுப்பதும் வெளிநாட்டுப் பணம்.

சரி, யாரிடம்தான் வாங்கலாம்? உள்ளூர் இந்தியர்களிடம் தாராளமாக வாங்கலாம். இந்தியப் பாஸ்போர்ட்டோடு துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்ப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினாலும் தடையில்லை. பாஸ்போர்ட் நகல் ஒன்றை வாங்கி ஃபைலில் போட்டுவிடுங்கள். இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர்கள் இதில் சேர மாட்டார்கள், அவர்கள் வெளிநாட்டுக் குடிமக்கள். கல்லூரியில் கூடப் படித்தவர்கள்தான் எங்களைக் கரையேற்றினார்கள். முகாமின் பங்கு உழைப்பாக வந்தது. பெயிண்டர்களுக்கா எங்களிடம் பஞ்சம்? ஊரெல்லாம் பங்களாவுக்கு வண்ணம் அடித்துவிட்டு வந்தவர்கள், ராத்திரி விளக்குப் போட்டு இந்த அறைக்கும் அடித்தார்கள். சுவரில் யானை வரைந்த அண்ணனுக்கு மட்டும் தும்பிக்கை சரியாக வரவில்லை என்று பிள்ளைகள் இன்றும் சண்டை பிடிக்கிறார்கள்.

அனுமதி தனிக் கதை. நூலகத்துக்காக முகாமில் பூட்டிக் கிடந்த அறையைக் கேட்டு அரசு அலுவலகத்துக்குப் போனால், "இது எங்க செக்‌ஷன் இல்ல" என்று ஒரு மேசை, "கட்டடம் யார் பேர்ல இருக்குன்னு எழுதி வாங்கிட்டு வாங்க" என்று இன்னொரு மேசை. எழுதி வாங்கிப் போனால் முதல் மனுவையே காணவில்லை. கடைசியில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடமே மனு கொடுத்தோம். அதில் ஒரு மனு எண் கிடைக்கும். அந்த எண்ணைச் சொன்ன பிறகுதான் ஃபைல் நகர்ந்தது. அதே எழுத்தர், "முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார். பதில் பேசாமல் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தோம். எந்த மனுவாக இருந்தாலும் நகலில் சீல் வாங்காமல் மேசையை விட்டு நகராதீர்கள்.

புத்தகம் கேட்கும்போது 'கதைப் புத்தகம் மட்டும்' என்று கொட்டை எழுத்தில் போடுங்கள். எங்களுக்கு மூட்டை மூட்டையாக வந்தது பத்தாம் வகுப்பு நோட்ஸும் பழைய போட்டித் தேர்வுக் கையேடும். அப்புறம் தபால் செலவையும் கணக்கில் வையுங்கள். மலிவாக இருந்த புக் போஸ்ட் 2024 டிசம்பரோடு போய்விட்டது. அதனால் நல்லதாகப் பார்த்துச் சென்னைப் புத்தகக் காட்சியில் பத்து சதவீதத் தள்ளுபடியில் நாங்களே வாங்கிச் சுமந்து வந்தோம். தூலிகா, பாரதி புத்தகாலயம், நேஷனல் புக் டிரஸ்ட் அரங்குகளில் சின்னப் பிள்ளைகளுக்கு நிறையக் கிடைக்கும்.

திறப்பு விழாவுக்கு வெளியாட்களை அழைப்பதானால் அதற்கும் முன்கூட்டியே பெயர்ப் பட்டியல் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். எங்களுக்குப் பணம் கொடுத்த ஒருவர் பட்டியலில் விடுபட்டு, வாசலிலேயே டீ குடித்துவிட்டுத் திரும்பினார்.

இப்போது தினமும் மாலை அறை திறக்கிறது. அனுமதி ஓராண்டுக்குத்தான். புதுப்பிக்கும் மனுவை எழுதி வைத்துவிட்டோம். இந்தத் தடவை எந்த மேசைக்கும் போவதாக இல்லை, நேரே திங்கட்கிழமை வரிசைதான்.