பின்பனி நாட்களும் ஒரு கறிவேப்பிலைக் கன்றும்

பழந்தமிழர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்தபோது மாசிக்கும் பங்குனிக்கும் பின்பனி என்று பெயரிட்டு, அந்தப் பொழுதைப் பிரிவைப் பாடும் பாலைத் திணைக்கும் உரியதாக்கினார்கள். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த காலத்தில் அது எனக்கு வெறும் பாடப்புத்தகச் சொல்தான். விடியற்காலையில் புல்லில் ஈரம் இருக்கும், எட்டு மணிக்குள் காய்ந்துவிடும், அவ்வளவுதான் எங்கள் பனி. டிசம்பரில் வெள்ளை வெளேரென்று குவிக்கப்பட்டு, பெப்ரவரிக் கடைசியில் அடுப்புக்கரி நிறமாகியும் கரைய மறுத்து, கனடாவில் ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவில் எங்கள் கட்டடத்து வாகனத் தரிப்பிடத்தின் ஓரத்தில் கிடக்கும் பனிக்குவியலைப் பார்த்த பிறகே அந்தச் சொல் எனக்கு விளங்கியது.

ரொறன்ரோவில் மனம் சோர்வது டிசம்பரில் அல்ல என்பது என் அனுபவம். டிசம்பரில் வீதியெல்லாம் வண்ண விளக்குகள் இருக்கும். ஜனவரியில் பொங்கலும், தமிழ் மரபுத் திங்கள் என்பதால் வார இறுதி தோறும் ஏதாவதொரு விழாவும் இருக்கும். பெப்ரவரி பிறந்ததும் வேட்டியும் சேலையும் அலுமாரிக்குள் போய்விட, நாட்காட்டியில் எதுவும் மிஞ்சுவதில்லை. ஆனால் உண்மையில் அப்போது வெளிச்சம் கூடிக்கொண்டிருக்கிறது. டிசம்பர் 21 அளவில் 9 மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவாக இருக்கும் பகல், பெப்ரவரி முடியும்போது 11 மணி நேரத்தைத் தாண்டிவிடுகிறது. அந்த மாதத்தில் ஒவ்வொரு நாளும் சராசரியாக இரண்டரை நிமிடத்துக்கு மேல் நீள்கிறது. ஆண்டு முழுவதிலும் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் இடையே சுமார் ஒரு மணி நேரமே வேறுபடும் ஊரில் பிறந்தவர்களுக்கு இது பெரிய வரவு. நாங்கள்தான் யன்னல் திரையை இழுத்து மூடிக்கொண்டு அதை வாங்காமல் விடுகிறோம்.

ஆகவே நான் முதலில் சொல்வது காலை வெளிச்சம். குளிர்காலத்தில் மட்டும் வந்து வசந்தத்தில் விலகும் மனச்சோர்வை 1984 இல் நோர்மன் ரோசன்தாலும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவில் ஒரு தனி நோய்நிலையாக விவரித்தார்கள். அதற்குப் பிரகாசமான விளக்கின் முன்னால் காலையில் அமர்வது ஒரு சிகிச்சையாக நிலைபெற்றது. 10,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) ஒளி தரும் விளக்கென்றால் அரை மணி நேரம் என்பது வழக்கமான அளவு. அந்த நோய் எனக்கு இல்லை, எனக்கிருப்பது வெறும் மாசி மாதத்து மந்தம். ஆனால் உடலின் கடிகாரம் எல்லாருக்கும் ஒன்றுதான். விழித்திரையில் விழும் வெளிச்சத்தைக் கொண்டே மூளை அதைத் தினமும் சரிசெய்து, இரவுக்குரிய நித்திரை ஹோர்மோனான மெலற்றோனின் சுரப்பை நிறுத்துகிறது. விளக்குப் போட்ட ஒரு வரவேற்பறையில் சில நூறு லக்ஸ் இருந்தாலே அதிகம். மூட்டம் போட்ட குளிர்காலக் காலையிலும் வெளியில் பல ஆயிரம் லக்ஸ் இருக்கும், தரையிலுள்ள பனி அதைத் திருப்பி வேறு அனுப்பும். இரண்டு வெளிச்சத்துக்கும் கண் உடனே பழகிவிடுவதால்தான் இந்த வேறுபாடு நமக்குத் தெரிவதில்லை.

நான் வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்ப்பவன். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, இரண்டு நாட்களாகக் கட்டடத்து வாசலையே தாண்டவில்லை என்பதைக் குப்பைப் பையைக் கட்டும்போதுதான் உணர்ந்தேன். அதற்குப் பிறகு, எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் கணினியைத் திறப்பதற்கு முன்பாக, இருபத்தைந்து நிமிடம் நடந்துவிட்டு வருவதென்று வைத்துக்கொண்டேன். மனம் வந்தால் போகலாம் என்று காத்திருந்தால் அது ஏப்ரலில்தான் வரும். கால் முதலில் போக வேண்டும், மனம் பின்னால் வரும். முதல் பத்து நிமிடம் நன்றாகவே இருக்காது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நல்ல சப்பாத்துக்குச் செலவு செய்யுங்கள். நான் முதலாண்டு சிக்கனம் பார்த்து வாங்கிய சோடி, வீதிக்குத் தூவும் உப்பில் ஊறி மூன்று வாரத்தில் வெடித்துவிட்டது.

மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மணிக்கூட்டை ஒரு மணி நேரம் முன்னகர்த்தும்போது மாலை ஏழு மணிக்குப் பிறகும் வெளிச்சம் நிற்கிறதென்று எல்லாரும் மகிழ்வார்கள். எனக்கு அதில் ஒரு மனக்குறை உண்டு, விடியல் ஜனவரிக் கடைசி வாரத்து நேரத்துக்கே திரும்பிப் போய்விடுகிறது. அந்த இரண்டு மூன்று வாரங்களுக்கு நடையைச் சற்றுப் பிந்தி வைத்துக்கொள்கிறேன்.

விற்றமின் டி பற்றிச் சுருக்கமாக. இங்கே குளிர்கால வெயிலில் தோல் அதைத் தயாரிக்கப் போதிய புறஊதாக் கதிர் இல்லை, நம்முடைய நிறத்துக்கு அந்தக் கதிர் இன்னும் கூடுதலாகத் தேவை. 1 முதல் 70 வயது வரையானவர்களுக்கு நாளொன்றுக்கு 600 அலகும் அதற்கு மேற்பட்டவர்களுக்கு 800 அலகும் கனடாவின் பரிந்துரை. எலும்புக்கு அது அவசியம்; மனத்துக்கு மருந்தென்று எண்ணி வாங்காதீர்கள்.

இவை எதுவும் எட்டாத அளவுக்குச் சிலருக்குச் சோர்வு இறங்கும். இரண்டு வாரமாக நித்திரையோ பசியோ குலைந்து, பிடித்த எதிலும் மனம் ஒட்டவில்லையென்றால் குடும்ப வைத்தியரிடம் போக வேண்டும். கண்ணோய் உள்ளவர்களும், மனம் அளவுமீறி எழுந்தும் விழுந்தும் துன்பப்படுபவர்களும் வைத்தியரைக் கேளாமல் ஒளிவிளக்கை வாங்கக் கூடாது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் கனடாவில் எந்த நேரமும் 988 என்ற இலக்கத்தை அழைக்கலாம்.

இனி, எங்கள் வீட்டுக் கறிவேப்பிலைக் கன்று. ஸ்காபரோவில் தமிழர் வீட்டுத் தெற்கு யன்னல்களைப் பார்த்தால் பாதிக்குப் பாதி ஒரு பூச்சாடியில் கறிவேப்பிலை நிற்கும். எங்களுடையது ஜனவரியில் மஞ்சளாகி, பெப்ரவரி நடுவில் ஈர்க்குகளையும் உதிர்த்து, வெறும் தடியாக நின்றது. நான் பதறிப்போய்த் தண்ணீரும் உரமும் கொண்டு போனேன். "விடு தம்பி, தண்ணி விடாதை. அது இப்ப நித்திரை," என்று அம்மா கையைத் தட்டிவிட்டார். அவர் சொன்னது சரி. குளிரில் வேர் நீரை உறிஞ்சாதபோது ஊற்றும் தண்ணீர்தான் அதைக் கொல்கிறது. மார்ச் முதல் வாரத்தில், தடியின் நுனியில் கடுகளவு பச்சை கண்டது. விரலால் தொட்டு முகர்ந்தேன், அந்தக் கடுகளவிலும் வாசம் இருந்தது. நீளும் பகலை என்னைவிட முன்னதாக அந்தத் தடி அறிந்திருந்தது என்று அன்று முழுதும் எனக்கு ஒரே சந்தோஷம்.

அதே வாரத்தில் மிளகாய் விதையும் போட்டுவிட வேண்டும். மே மாதத்தில்தான் இங்கே உறைபனிப் பயம் நீங்கும், மிளகாய்க் கன்றுக்கு அதற்கு முன்பாக எட்டுப் பத்து வாரம் வேண்டும். விதை முளைக்கச் சூடு தேவை என்பதால் தயிர்க் கிண்ணத்தில் மண்ணிட்டு, குளிர்சாதனப் பெட்டியின் தலையில் வைக்கிறோம். முளை தெரிந்ததும் யன்னலுக்கு வரும். காலையில் எழுந்ததும் எட்டிப் பார்க்க வீட்டில் ஏதாவது இருப்பது இந்த மாதத்தில் சாதாரண விஷயமல்ல. யன்னலே இல்லாத நிலவறை வீட்டில் இருப்பவர்களுக்கு, நகரின் நடுவிலுள்ள அலன் கார்டன்ஸ் இருக்கிறது. 1910 இல் கட்டிய பனைமர மண்டபத்தைச் சுற்றி அமைந்த கண்ணாடி இல்லங்கள், நுழைவுக் கட்டணம் இல்லை. கதவைத் திறந்ததும் மூக்குக்கண்ணாடி மூடுபனியாகிவிடும், ஈர மண்ணின் வாசம் மூச்சில் ஏறும்.

தனியாகச் செய்யக்கூடியவற்றையே இதுவரை சொன்னேன். பெப்ரவரியின் மூன்றாம் திங்கட்கிழமை ஒன்ராறியோவில் குடும்ப தினம், விடுமுறை. அன்றைக்கு நாங்கள், காய்ந்த பனங்கிழங்கு மாவில், ஒடியல் கூழ் காய்ச்சுகிறோம். நண்டும் இறாலும் மீன் தலையும் பலாக்கொட்டையும் பயற்றங்காயும் சேர்ந்த கூழை நாலு பேருக்காகக் காய்ச்ச முடியாது. பானை பெரிதாக, ஆட்களைக் கூப்பிட்டே ஆக வேண்டியிருக்கும், அதுதான் அதன் சிறப்பு. பனையோலைப் பிளாவுக்குப் பதில் கோப்பிக் கடதாசிக் குவளையில் குடிக்கிறோம். உறைப்பில் மூக்கு ஒழுக, பெரியவர்களும் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

மார்ச்சில் இரவு உறைநிலைக்குக் கீழும் பகல் அதற்கு மேலுமாக இருக்கும் சில வாரங்களில் மேப்பிள் மரத்தில் நீர் ஓடும். சென்ற ஆண்டு நகருக்கு வெளியே ஒரு தோப்புக்கு அம்மாவையும் கூட்டிச் சென்றோம். ஏறத்தாழ 40 லீற்றர் நீரைக் காய்ச்சினால்தான் 1 லீற்றர் பாகு கிடைக்கும் என்று விளக்கினார்கள். மரக்குடிலின் கூரையிலிருந்து எழுந்த ஆவியின் வாசத்தில் அம்மா சற்று நின்றார். பனங்கட்டி காய்ச்சும் குடிலின் வாசம், அச்சாக அதே வாசம். காய்ச்சாத நீரைச் சிறு குவளையில் கொடுத்தார்கள். அதில் நூற்றுக்கு இரண்டு பங்களவுதான் சீனி. அம்மா ஒரு மிடறு குடித்துவிட்டு, மரத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"சுண்ணாம்பு கூடின கருப்பணி மாதிரி," என்றார், பதநீரை நினைத்து. "இனிப்புக் காணாது." பிறகு இன்னொரு குவளை கேட்டு வாங்கினார்.