கொக்கிளாய்க்கு எத்தனை எழுத்து?

வவுனியாப் பல்கலைக்கழகத்தில் என் இறுதியாண்டு ஆய்வு: திரையில் வருவது உண்மைச் சொல்லா, போலிச் சொல்லா என்று விசையை அழுத்திச் சொல்ல வேண்டும்; பதில் வரும் நேரத்தை மில்லிசெக்கனில் அளக்க வேண்டும். இதை உலாவியிலேயே நடத்த ஜேஎஸ்சைக் (jsPsych) இருக்கிறது. ஜோஷ் டி லீவ் தொடங்கிய திறந்த மூல நிரல் அது, அதாவது மூலநிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம்; காசு தேவையில்லை. சொற்பட்டியல் தயாரிக்க இன்னொரு சிறிய திறந்த மூல நிரலை எடுத்தேன். சிக்கல் அங்கேதான்.

சொல் நீண்டால் பதில் நேரமும் மாறலாம். அதனால் இரண்டு வகைச் சொற்களும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். கொக்கிளாய் என்ற ஊர்ப்பெயருக்கு ஐந்து எழுத்து. நிரல் 10 என்றது. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யுனிகோடு முறையில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள், நிரல் அவற்றையும் சேர்த்து எண்ணுகிறது. 'கொ'வின் கொம்பையும் காலையும் பிரித்துச் சேமித்திருந்தால் அதே ஊர் 11 ஆகிவிடும்! இப்படி அளந்தால் நீளத்தை வைத்துச் செய்யும் எந்த ஒப்பீடும் நிற்காது.

முதலில், அந்த நிரல் இருக்கும் கிட்ஹப் தளத்தில் ஒரு இஷ்யூ, அதாவது பிழை அறிவிப்பு, எழுதினேன். நீண்ட விளக்கம் வேண்டாம். ஒரு சொல், வந்த விடை, வர வேண்டிய விடை, இவை போதும். பராமரிப்பவர் மறுநாளே, "திருத்தி அனுப்புங்கள்" என்றார். ஃபோர்க் (நிரலின் என் சொந்த நகல்) எடுத்து, அதில் தனிக் கிளையில் வேலை செய்தேன். சொல்லை முதலில் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி (NFC) வடிவுக்கு மாற்றி, பிறகு சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரிக்கும் ஜாவாஸ்கிரிப்டின் இன்ட்ல் செக்மென்டரால் (Intl.Segmenter) பிரித்தால் கொக்கிளாய் எப்படிச் சேமிக்கப்பட்டிருந்தாலும் ஐந்துதான். திருத்தத்தோடு, அது சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்கும் டெஸ்டுகளும் கட்டாயம் அனுப்புங்கள். அவை இல்லாமல் யாரும் நம்பிச் சேர்க்க மாட்டார்கள்.

அனுப்பிய திருத்தத்தை மற்றவர்கள் பார்த்துக் கருத்துச் சொல்லும் மதிப்பாய்வில்தான் நிறையக் கற்றேன். பழைய ஆய்வுகளின் எண்ணிக்கை மாறக் கூடாது என்பதால் புதிய முறையை விருப்பத் தெரிவாக வைக்கச் சொன்னார்கள். சரியான கோரிக்கை, அந்த நிரலால் அளந்த முடிவுகளை நாளை யாராவது திரும்பச் செய்து பார்க்க வேண்டுமே. அப்புறம் ஒருவர், "மெய்யெழுத்தைத் தமிழர் தனி எழுத்தாக எண்ணுவார்களா?" என்று கேட்டார். ஒட்டுசுட்டானில் இருக்கும் பெரியம்மா ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியை. அவரிடம் கேட்டேன். "க் ஒரு எழுத்துத்தான் பிள்ளை, விடாமல் எண்ணு" என்றார். அதை அப்படியே பதிலில் எழுதினேன். திருத்தம் சேர்க்கப்பட்டது.

'க்ஷ' இன்னும் தீரவில்லை. செக்மென்டர் அதை இரண்டாகப் பிரிக்கிறது, நாம் ஒன்றாக எண்ணுகிறோம். அதற்குத் தனி இஷ்யூ திறந்து, பட்சி, பரீட்சை என்று 'ட்ச' போட்டு எழுதும் வழக்கத்தையும் குறித்து வைத்திருக்கிறேன். தமிழும் கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்டும் தெரிந்த யாரும் அதை எடுத்துக்கொள்ளலாம்.