டபுள் ஏ பேட்டரிக்கு 2,000 போதும்

ரீசார்ஜபிள் பேட்டரி உறையில், எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்று போட்டிருக்கும் எண் பெரிதாக இருந்தால் எங்கள் வீட்டுக்காரருக்குக் கை தானாக நீளும். "3,800 போட்டிருக்கு, நீ ஏன் 2,000-ஐ எடுக்கிறே?" என்று தேக்கா கடையில் நின்றுகொண்டே கேட்பார். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகையில், டபுள் ஏ அளவுக்குள் 2,500, மிஞ்சிப்போனால் 2,700 மில்லி ஆம்பியர் மணிதான் அடங்கும். அதற்கு மேல் போட்டிருப்பது அச்சடித்தவரின் தாராள மனசு. சந்தேகம் வந்தால் சமையலறைத் தராசில் வைத்துப் பார்ப்பேன். இந்த வகையில் நல்ல பேட்டரி 26, 27 கிராம் இருக்கும். முள் 18-லேயே நின்றுவிட்டால் உள்ளே சரக்கு இல்லை என்று அர்த்தம்.

சும்மா கிடக்கும்போது சார்ஜ் எவ்வளவு நாள் நிற்கும் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பழைய நிக்கல் பேட்டரிகளை முழுசாக ஏற்றி அலமாரியில் வைத்தாலும் சில வாரங்களில் இளைத்துவிடும். 2005-இல் சான்யோ எனலூப் என்ற நிக்கல் பேட்டரியைக் கொண்டுவந்த பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது. இப்போது அது பானசோனிக் பெயரில் வருகிறது. ஒரு வருஷம் கழித்து எடுத்தாலும் பெரும்பகுதி அப்படியே இருக்கும். அதிலேயே கறுப்பு நிறத்தில் புரோ என்று ஒன்று உண்டு, 2,500 வரை பிடிக்கும். ஆனால் கம்பெனிக் கணக்குப்படியே கறுப்பை 500 முறைதான் சார்ஜ் செய்யலாம், 2,000 பிடிக்கும் சாதாரண வெள்ளையை 2,100 முறை. பையனின் கேம் கன்ட்ரோலருக்கு எது வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

எல்லாச் சாமானுக்கும் ரீசார்ஜபிள் சரிவராது. ஒரு தடவை தீர்ந்ததும் தூக்கிப்போடும் ஆல்கலைன் பேட்டரி 1.5 வோல்ட்டில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். நிக்கல் பேட்டரி 1.2-ஐ ஒட்டியே நின்றுவிட்டு, கடைசியில் பொத்தென்று விழும். வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கதவில் மாட்டியிருக்கும் டிஜிட்டல் பூட்டு வோல்ட் குறைவதைப் பார்த்துத்தான் 'பேட்டரி தீரப்போகிறது' என்று கத்தும். நிக்கலைப் போட்டால் அது கத்துவதற்குள் கதை முடிந்துவிடலாம். அப்புறம் வெளியே நின்று, பூட்டின் அடியில் இருக்கும் இரண்டு புள்ளிகளில் 9 வோல்ட் பேட்டரியை அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். அத்தையின் ரத்த அழுத்தக் கருவிக்கும் ஆல்கலைன்தான், கையேட்டில் அப்படித்தான் போட்டிருக்கிறது. சுவர்க் கடிகாரம் ஒரு பேட்டரியை வைத்து மாதக்கணக்கில் ஓடும், அதற்கு எதற்கு நல்ல பேட்டரி? கன்ட்ரோலர், ஓடும் பொம்மை, கேமரா ஃபிளாஷ் எல்லாம் மளமளவென்று தின்பவை. அங்கேதான் போட்ட காசு திரும்பி வரும்.

யூ.எஸ்.பி. வயரைச் செருகிச் சார்ஜ் செய்யும் 1.5 வோல்ட் லித்தியம் பேட்டரிகளும் இப்போது நிறைய வருகின்றன. உள்ளே இருக்கும் சின்னச் சுற்று கடைசிவரை 1.5-ஐப் பிடித்து நிறுத்தும், பிறகு ஒரே அடியாக அணைந்துவிடும். அவற்றை நிக்கல் சார்ஜரில் போடவே கூடாது.

சார்ஜரில் கஞ்சத்தனம் வேண்டாம். மலிவானவை இரண்டு இரண்டாகத்தான் ஏற்றும். ஒன்று பாதியிலும் இன்னொன்று காலியாகவும் இருந்தால் ஒன்று சூடேறும், மற்றது பசியோடு கிடக்கும். ஒவ்வொரு குழியையும் தனித்தனியாகப் பார்த்து, நிரம்பியதும் நிறுத்துகிற சார்ஜராக வாங்குங்கள். சேர்த்து வாங்கியதைச் சேர்த்தே போடுவதும் நல்லது. ஒரே சாமானில் புதுசும் பழசும் கலந்தால், முதலில் காலியாகும் பழசுக்குள் மின்சாரம் தலைகீழாக ஓடி அதைக் கெடுத்துவிடும். எங்கள் வீட்டில் ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு நிற நகப்பூச்சுப் பொட்டு. மகள்தான் அந்தத் துறைக்குப் பொறுப்பு, ஊதா அவளுக்குப் பிடிக்காததால் ஊதா ஜோடி கிடையாது.

செத்துப்போனவற்றை முனைகளில் செலோடேப் ஒட்டி ஒரு டப்பாவில் போட்டு வைக்கிறோம். கடைத்தொகுதிக்குப் போகும்போது அங்கிருக்கும் மின்கழிவுத் தொட்டியில் போட்டுவிடுவோம், பல்புகளுக்கும் அதிலேயே இடம் உண்டு.