சூரியன் சீட்டு வந்தும் ஃபெயில்

டாரட், அதாவது படச் சீட்டு எடுத்துப் பலன் சொல்வது, பார்க்கிறேன் என்று சொன்னால் பலரும் கேட்பது, "சர்டிஃபிகேட் இருக்கா?" என்னிடம் இரண்டு இருக்கின்றன. முதலாவது, சென்னையில் ஒரு ஹோட்டல் ஹாலில் சனி, ஞாயிறு இரண்டே நாளில் கிடைத்தது. பரீட்சை கிடையாது. மதியம் சாப்பாடு, சாயங்காலம் குரூப் போட்டோ, தங்க எழுத்தில் 'மாஸ்டர்' என்று அச்சடித்த தாள். 78 சீட்டில் பாதிக்கு அர்த்தம் பார்க்க நோட்டைப் புரட்ட வேண்டிய நிலையில் நான் மாஸ்டர் ஆகிவிட்டேன்.

இந்தத் தொழிலுக்கு அரசாங்க லைசென்ஸ் என்று ஒன்று நம்மிடம் இல்லை. மரத்தடிக் கிளி ஜோசியக்காரருக்கும் ஏசி அறையில் உட்கார்ந்திருக்கும் எனக்கும் அந்த வகையில் வித்தியாசமில்லை. இரண்டு பேருமே சீட்டு எடுத்துப் படம் பார்த்துத்தான் பேசுகிறோம். பிரிட்டனில் ஆவிகளோடு பேசுவதாகச் சொல்லி ஏமாற்றுபவர்களுக்கென்றே 1951இல் ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். 2008இல் அதை நீக்கிவிட்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகளுக்குள் கொண்டுவந்தார்கள். அங்கேயும் ஒழுக்க நெறிகளை எழுதி வைத்திருப்பது டாரட் சங்கங்கள்தான். சர்டிஃபிகேட்டுக்கு என்ன மதிப்பு என்பது அதைக் கொடுப்பவரைப் பொறுத்தது.

ஆறு மாதம் கழித்து ஆன்லைனில் வேறொரு ஆசிரியரிடம் சேர்ந்தேன். அவர் முதல் வாரம் சீட்டையே தொடவிடவில்லை. ஒரு நெறிமுறைத் தாளை அனுப்பி, ஒவ்வொரு வரிக்கும் 'நீங்கள் என்ன செய்வீர்கள்?' என்று எழுதச் சொன்னார். கட்டணத்தை முன்கூட்டியே சொல்ல வேண்டும். வந்தவர் சொன்னது வெளியே போகக் கூடாது. அங்கே இல்லாத மூன்றாவது ஆளின் மனசைத் துருவக் கூடாது. நோய், வழக்கு, முதலீடு பற்றிக் கணிக்கக் கூடாது. ஒரே கேள்வியோடு வாராவாரம் வருபவரிடம் காசு வாங்கிக்கொண்டே இருக்கக் கூடாது.

எனக்கு உதைத்தது மூன்றாவது ஆள் விஷயம்தான். நம் ஊரில் வரும் கேள்வியில் முக்கால்வாசி அதுதானே? 'மருமகள் மனசுல என்ன இருக்கு', 'அவர் திரும்பி வருவாரா'. அதை, 'இந்த நிலைமையில் நான் என்ன செய்யலாம்' என்று கேட்பவர் பக்கம் திருப்பப் பழகவே ஒரு மாதம் ஆனது. பரிகாரம் கேட்பவர்கள் தனி ரகம். இல்லை என்றால் ஏமாந்துபோகிறார்கள். எலுமிச்சம்பழமாவது சொல்லக் கூடாதா என்று ஒருவர் கோபித்துக்கொண்டார்.

அப்புறம் முப்பது தடவை இலவசமாகச் சீட்டுப் பார்த்துப் பழக வேண்டும். அதில் மூன்றை, வந்தவரின் சம்மதத்தோடு ஒலிப்பதிவு செய்து மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

நான் பெருமையோடு அனுப்பிய பதிவு ஒரு அக்காவுடையது. (அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) மார்பில் கட்டி, வியாழக்கிழமை பயாப்ஸி. மூன்று சீட்டு எடுத்தார். கடைசியில் வந்தது சூரியன்: வெள்ளைக் குதிரைமேல் குழந்தை, பின்னால் மதில், அதற்கு மேலே சூரியகாந்திப் பூக்கள். "பயப்படாதீங்கக்கா, ஒண்ணும் இருக்காது" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அதைவிட நல்ல ரீடிங் நான் செய்ததில்லை என்று நினைத்தேன்.

ஃபெயில்.

ஆசிரியர் போனில் கூப்பிட்டார். "டெத் கார்டை வச்சு பயமுறுத்தக் கூடாதுன்னு எல்லாருக்கும் தெரியும். சூரியனை வச்சு ஒண்ணும் இருக்காதுன்னு சொன்னீங்களே, அதுவும் மருத்துவக் கணிப்புதான். அவங்க வியாழக்கிழமை போகலைன்னா?"

எனக்குச் சுருக்கென்றது. கொஞ்சம் கோபமும்தான், ஆறுதல் சொன்னது ஒரு குற்றமா? ஆனாலும் அன்று ராத்திரியே அக்காவுக்குப் போன் போட்டேன். "ஆபீஸ்ல ஆடிட் இருக்கும்மா. நீ சொன்னப்புறம் மனசு லேசாயிடுச்சு, அடுத்த மாசம் பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன்" என்றார்.

என் பேச்சைத் திரும்பப் பெற்றுக்கொள்ளத் தெரியாமல் திணறினேன். நான் சொன்னது தப்பு, சீட்டுக்கு அது தெரியாது, தயவுசெய்து வியாழக்கிழமையே போங்க என்று மூன்று விதமாகச் சொன்னேன். போனார். முடிவை என்னிடம் சொன்னார். அது அவருடைய விஷயம்.

மறுபடி வேறு பதிவு அனுப்பி, நான்காம் மாதம் தேர்ச்சி பெற்றேன். சர்டிஃபிகேட் வெறும் பிடிஎஃப், பார்க்கவும் சுமார். மேஜை டிராயரில் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறேன்: மனநல உதவிக்கு டெலிமானஸ் 14416, பெண்களுக்கு 181. ரீடிங் நடுவே அழுதுகொண்டே, இருக்கவே பிடிக்கவில்லை என்று யாராவது சொன்னால், சீட்டை ஓரமாக வைத்துவிட்டு அதைத்தான் எடுக்க வேண்டும்.

போன வாரம் ஒரு அம்மா ஸ்கேன் ரிப்போர்ட்டோடு வந்தார். சீட்டுக்கட்டை டப்பாவில் வைத்துவிட்டு ஒரு வெள்ளைத்தாள் எடுத்தேன். டாக்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று இரண்டு பேருமாக எழுதினோம். ஏழு கேள்வி வந்தது. தாளை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு, செருப்பு மாட்டும்போது கேட்டார், "அப்போ சீட்டு எடுக்கவே இல்லையேம்மா, காசு எவ்வளவு?"

வேண்டாம் என்றேன். நம்பாமல் பார்த்துக்கொண்டே படியிறங்கினார்.