சம்பளம் வராமலும் கிரவுண்டுக்குப் போன பதினாறு நாட்கள்

எனக்கு வயது 23, ஃபுட்பால் ப்ளேயர், ஆடுவது லெஃப்ட் பேக் (இடதுபக்கத் தடுப்பாட்டம்), சொந்த ஊர் வியாசர்பாடி. வேறு மாநில கிளப் ஒன்றில் மூன்று வருட காண்ட்ராக்டில் இரண்டாவது வருடம். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 10-ம் தேதிக்குள் வர வேண்டும். அக்டோபர் சம்பளம் வரவில்லை, நவம்பரும் வரவில்லை. கேட்கும்போதெல்லாம் மேனேஜர் "திங்கட்கிழமை போட்டுடுவாங்க" என்றார்.

மெஸ்ஸில் எல்லோருக்கும் கோபம். நாளையிலிருந்து யாரும் ட்ரெய்னிங் போக வேண்டாம் என்று பேச்சு கிளம்பியது. நானும் தலையாட்டிவிட்டு வந்து, எங்கள் ஏரியாவில் முன்பு லீக் ஆடிய அண்ணன் ஒருவருக்கு போன் போட்டேன். "டேய், போகாம மட்டும் இருந்துடாதே, அப்புறம் நீதான் காண்ட்ராக்டை மீறினேன்னு எழுதிடுவாங்க" என்றார். அவர் சொன்னது சரி. 28 வயதுக்குள் கையெழுத்துப் போட்டவனுக்கு முதல் மூன்று வருடம் பாதுகாப்புக் காலம், அதற்குள் தகுந்த காரணமில்லாமல் வெளியேறினால் இழப்பீட்டோடு நான்கு மாதத் தடையும் வரலாம். 2024-ல் அன்வர் அலி என்ற ப்ளேயர் மோகன் பகான் கிளப்பிலிருந்து ஈஸ்ட் பெங்கால் கிளப்புக்குப் போன விவகாரத்தில், இந்திய ஃபுட்பால் சம்மேளனமான ஏஐஎஃப்எஃப்-இன் கமிட்டி நான்கு மாதத் தடையும் 12.9 கோடி ரூபாய் இழப்பீடும் விதித்து, அது டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது. அந்தத் தொகையை எல்லாம் என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

எனக்குக் கைகொடுத்தது 2018-ல் உலக ஃபுட்பால் அமைப்பான ஃபிஃபா கொண்டுவந்த 14பிஸ் விதி. இரண்டு மாதச் சம்பளம் பாக்கி இருந்தால், எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும், அதற்குள்ளும் பணம் வரவில்லை என்றால் காண்ட்ராக்டை முறிக்கலாம். என் காண்ட்ராக்டிலும் அதே வாசகம் இருந்தது. டிசம்பர் 11 அன்று எந்த மாதம், எவ்வளவு, எந்தத் தேதிக்கு வர வேண்டியது என்று எழுதி மெயிலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்பினேன்.

அந்த நாட்கள்தான் கொடுமை. காலை ஆறரைக்குப் போய், பிசியோ அறை வாசலில் தொங்கும் வருகைத் தாளில் கையெழுத்துப் போட்டதும் போனில் படம் எடுத்துக்கொள்வேன். ப்ளேயிங் லெவனில் இல்லை, பெஞ்சிலும் இல்லை, ஓரமாகத் தனியாக ஓடச் சொன்னார்கள், ஓடினேன். பதின்மூன்றாம் நாள் மேனேஜர் கூப்பிட்டு, ஒரு மாதச் சம்பளமும் வேறு கிளப்புக்குப் போக ஆட்சேபணை இல்லை என்ற கடிதமும் (என்ஓசி) இன்றே தருகிறோம் என்று ஒரு தாளை நீட்டினார். மூன்றாவது வரியில் "இனி எந்தப் பாக்கியும் இல்லை" என்று இருந்தது. கை நடுங்கியது, வீட்டில் வாடகை பாக்கி வேறு. ஆனாலும் கையெழுத்துப் போடவில்லை.

27-ம் தேதி முறிவுக் கடிதம் அனுப்பினேன். ஜனவரியில் ப்ளேயர்கள் கிளப் மாறும் விண்டோவில், எந்தக் காண்ட்ராக்டும் இல்லாத ஃப்ரீ ஏஜென்டாக வேறு கிளப்பில் சேர்ந்தேன், சம்பளம் கொஞ்சம் குறைவு, பரவாயில்லை. பழைய பாக்கி, மீதிக் காண்ட்ராக்டுக்கும் புதிய சம்பளத்துக்கும் உள்ள வித்தியாசம், அதற்கு மேல் மூன்று மாதச் சம்பளம் என்று கேட்டு மனு போட்டிருக்கிறேன். விசாரணை அடுத்த மாதம். வருகைத் தாள் படங்களை எல்லாம் பிரின்ட் போட்டு, தேதிவாரியாக அடுக்கி வைத்திருக்கிறேன்.